பெற்றவளை யார் கேட்பது?

பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு குணமாகக்கூடிய நோய். ஆனால் அதைச் சொல்ல நம் வீடுகளில் ஒரு தாய்க்கு இடமில்லை.

குழந்தை பார்க்க வருகிறவர்களின் கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. சுகப்பிரசவமா, ஆபரேஷனா? எடை எவ்வளவு? யார் ஜாடை? என்ன நட்சத்திரம்? ராத்திரி தூங்க விடுறானா? கிளம்பும்போது, கட்டிலில் உட்கார்ந்திருப்பவளைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி: “பால் பத்துதாம்மா?” அதுவும் குழந்தைக்கான கேள்விதான்.

அவளைப் பற்றிக் கேட்டிருந்தால் சொல்ல அவளிடம் நிறைய இருந்திருக்கும். குழந்தை தூங்கினாலும் அவளுக்குத் தூக்கம் வருவதில்லை. பத்தியச் சோறு தொண்டையில் இறங்குவதில்லை. குழந்தை சிணுங்கினாலே நெஞ்சு படபடக்கிறது. சில சமயம் அழுகை காதில் விழுந்தும் எழுந்து போகத் தோன்றுவதில்லை. எல்லோரும் கொஞ்சுகிற அந்த முகத்தைப் பார்த்து தனக்கு மட்டும் ஒன்றும் பொங்கவில்லையே என்பது அவளை உள்ளுக்குள் அரிக்கிறது. ‘நான் நல்ல அம்மா இல்லை’ என்று தனக்குத்தானே தீர்ப்பும் எழுதிக்கொள்கிறாள். சோப்பு டப்பாவும் குட்டிச் சட்டையும் கொண்டுவந்தவர்கள் சிரித்த முகத்தோடு விடைபெறுகிறார்கள். அவளும் சிரித்து வைக்கிறாள்.

இப்படி இருப்பவர்கள் எங்கோ ஒருவர் இருவர் அல்ல. இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளை, அவற்றில் பங்கேற்ற 20,043 தாய்மார்களின் விவரங்களைத் தொகுத்துப் பார்த்த கட்டுரை ஒன்று உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 2017ஆம் ஆண்டு வெளியானது. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு நூற்றுக்கு 22 பேருக்கு இருந்தது. தென்மாநிலங்களில் அது 26. நான்கு பிரசவத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். இவ்வளவு பரவலான ஒரு நோயைப் பற்றி எந்த வளைகாப்பிலும் யாரும் பேசுவதில்லை.

மூன்று நிலைகள்

பிரசவமான மூன்றாம் நாள், நான்காம் நாள் காரணமில்லாமல் கண்ணீர் வருவது பெரும்பாலான பெண்களுக்கு நடப்பது. கர்ப்ப காலத்தில் உச்சத்தில் இருந்த ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரான் ஹார்மோன்கள் நஞ்சுக்கொடி வெளியேறியதும் மளமளவென்று இறங்கிவிடுகின்றன. தையல் வலி, தூக்கமின்மை, முதல் பால் கட்டும் வேதனை எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. இந்த அழுகை இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். ஆறுதலும் ஓய்வும் போதும்.

இரண்டு வாரம் தாண்டியும் நாளின் பெரும்பகுதி மனம் இருண்டே கிடந்தால் அது மனச்சோர்வு நோய். எதிலும் பிடிப்பில்லாமல் போவது, பசி, தூக்கம் மாறுவது, காரணமற்ற குற்றவுணர்வு, ஓயாத பதற்றம், செத்துப்போய்விடலாம் என்ற எண்ணம் ஆகியவை இதன் அடையாளங்கள். முதல் சில வாரங்களில்தான் வர வேண்டும் என்றில்லை. ஓராண்டுக்குள் எப்போது வேண்டுமானாலும் தலைகாட்டலாம். கர்ப்பத்தின்போதே தொடங்கிவிடுவதும் உண்டு. ‘குழந்தை கைநழுவி விழுந்துவிடுமோ, நானே ஏதாவது செய்துவிடுவேனோ’ என்ற பயங்கர நினைப்புகள் வேண்டாமலே வந்து மிரட்டுவதும் உண்டு. அப்படி ஒரு நினைப்பு வருவதாலேயே அவள் அதைச் செய்துவிடுவாள் என்று அர்த்தமில்லை. ஆனால் அந்த மிரட்சியை அவள் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

மூன்றாவது நிலை அபூர்வம், ஆனால் அவசரம். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், மனநிலை தடம்புரண்டு போகும். இரவு பகல் தூக்கமே இருக்காது. சம்பந்தமில்லாத பேச்சு, யாரோ காதில் பேசுவதாகச் சொல்வது, குழந்தையை மாற்றிவிட்டார்கள் என்ற சந்தேகம் எல்லாம் வரும். இருமுனை மனநோய் முன்பே இருந்தவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். பிரசவத் தீட்டில் காத்துக்கருப்பு அண்டிவிட்டது என்று மந்திரிக்கவும் கயிறு கட்டவும் அலைந்து பல வீடுகள் நாட்களைத் தொலைப்பது இங்கேதான். விபூதி பூசுவதில் தவறில்லை. ஆனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். தாயின் உயிரும் குழந்தையின் உயிரும் இதில் அடங்கியிருக்கின்றன.

கணியம்பாடி சொன்ன காரணங்கள்

இது நகரத்துப் பெண்களுக்கு வருகிற வியாதி, படித்தவர்களின் சொகுசு என்றொரு நினைப்பு உண்டு. அதற்கு வேலூர் மாவட்டத்திலிருந்தே பதில் வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் 359 பெண்களைக் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் ஒரு முறையும், பிரசவமாகி 6 முதல் 12 வாரத்துக்குள் மறுமுறையும் சந்தித்தார்கள். முடிவு 2002இல் வெளியானது. பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் மட்டும் நூற்றுக்கு 11 பேர்.

காரணங்களின் பட்டியலைப் படித்தால் நம் தெருவை எழுதி வைத்த மாதிரி இருக்கும். குறைந்த வருமானம், ஆண் குழந்தையை எதிர்பார்த்த இடத்தில் பெண் குழந்தை, மாமியாரோடும் பெற்றோரோடும் மனத்தாங்கல், கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயரங்கள், கைவேலைக்கு ஆள் இல்லாதது. அதே வட்டாரத்தில் பின்னர் நடந்து 2010இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு கணவனின் குடியையும் கர்ப்ப காலத்தில் வாங்கிய அடியையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது. கோவாவில் நடந்த ஆய்விலும் வறுமை, கணவனின் வன்முறை, பெண் குழந்தை என்ற ஏமாற்றம் ஆகிய மூன்றும் வந்து நின்றன.

பெற்றோரோடு மனத்தாங்கல் என்ற காரணத்தை நாம் எளிதில் தாண்டிப் போய்விடுவோம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு என்பது நம் ஊர் வழக்கம். காயம் அரைத்துக் கொடுக்கவும், குழந்தையைக் கால்மேல் போட்டுக் குளிப்பாட்டவும், ராத்திரியில் தூளியை ஆட்டவும் அங்கே ஆள் இருக்கும். பல பெண்களுக்கு அது உண்மையிலேயே பாதுகாப்பு. ஆனால் காதல் திருமணத்தால் பேச்சு நின்றுபோன வீட்டிலும், சீர் செய்து கடன் பட்ட வீட்டிலும் அதே அறை மூச்சு முட்டும். தாய்வீடு நன்றாகவே இருந்தாலும் மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ புகுந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அதுவரை நான்கு கைகள் செய்த வேலை அன்றிலிருந்து இரண்டு கைக்கு வந்துவிடுகிறது. ‘பிரசவமாகித்தான் இத்தனை மாசமாச்சே, இன்னும் என்ன?’ என்று கேட்பவர்கள் இந்த இரண்டாவது திருப்பத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

உடம்பின் பங்கும் இருக்கிறது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கு ரத்தசோகை. பிரசவங்களில் நூற்றுக்கு 45 அறுவைசிகிச்சை. பிரசவத்துக்குப் பின் சிலருக்குத் தைராய்டு தாறுமாறாகிறது. அசதியும் எரிச்சலும் அதனாலும் வரலாம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடக்கூடிய விஷயம் இது.

ஏன் வாய் திறப்பதில்லை?

“நாங்கெல்லாம் எட்டுப் பெத்து, எட்டாம் நாள் களத்துமேட்டுக்குப் போனோம்.” இந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு எந்த மருமகள் வாய் திறப்பாள்? எட்டுப் பெற்றவர்களில் எத்தனை பேர் கிணற்றடியில் உட்கார்ந்து அழுதார்கள் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. அதனால் அவர்களும் சொல்லவில்லை.

சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ‘பைத்தியம்’ என்ற பெயர் வரும். ‘வியாதியை மறைத்துக் கட்டி வைத்துவிட்டார்கள்’ என்ற பேச்சு தாய்வீட்டைத் தாக்கும். தங்கையின் கல்யாணம் தட்டிப்போகும். மாத்திரை சாப்பிட்டால் பால் வற்றிவிடும் என்பார்கள். எல்லாவற்றையும்விட, குழந்தையைத் தன்னிடமிருந்து பிரித்துவிடுவார்களோ என்ற பயம்.

கடைசிப் பயத்துக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநல மருத்துவமனையில் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்று சொல்கிறது. தாயால் குழந்தைக்கு ஆபத்து என்று மருத்துவர் கருதினால் மட்டும் தற்காலிகமாகப் பிரிக்கலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் தாயும் சேயும் ஒன்றாகத் தங்கிச் சிகிச்சை பெறும் பிரிவு 2009இலிருந்தே இயங்குகிறது. மனநலச் சிகிச்சை என்றாலே தாயும் பிள்ளையும் பிரிய வேண்டும் என்பது பழைய கதை.

பிரபலங்கள் சிலர் வாய் திறந்திருக்கிறார்கள். ‘வாரணம் ஆயிரம்’ படத்தில் நாம் பார்த்த சமீரா ரெட்டி, 2015இல் முதல் குழந்தை பிறந்தபின் எடை 105 கிலோ வரை ஏறியதையும் மனச்சோர்வில் தவித்ததையும் பிற்பாடு வெளிப்படையாகச் சொன்னார். அப்படிப்பட்ட பேச்சு பல பெண்களுக்குத் தெம்பு தருகிறது. ஆனால் நடிகைக்குக் கிடைக்கும் கைத்தட்டல் நூற்பாலைத் தொழிலாளிக்குக் கிடைக்காது. அவள் சொன்னால் வீட்டில் என்ன நடக்கும் என்பதுதான் கேள்வி. ஆகவே ‘பெண்களே, மனம் திறந்து பேசுங்கள்’ என்று அறிவுரை சொல்வதில் அர்த்தமில்லை. பேசினால் அடி விழாது என்ற நிலைமையை மற்றவர்கள்தான் உண்டாக்க வேண்டும்.

அந்த மற்றவர்களில் பத்திரிகைகளும் அடக்கம். குழந்தையோடு தாய் உயிரை மாய்த்துக்கொண்ட செய்திக்கு ‘கல்நெஞ்சத் தாய்’ என்று தலைப்புப் போடும்போது, அதே நினைப்போடு போராடிக்கொண்டிருக்கும் இன்னொருத்தியின் வாயையும் சேர்த்தே தைத்துவிடுகிறோம்.

பத்துக் கேள்விகள்

இந்த நோயைக் கண்டுபிடிக்க ஸ்கேனோ எக்ஸ்ரேயோ வேண்டாம். ஸ்காட்லாந்தில் உருவாகி 1987இல் வெளியான எடின்பரோ அளவுகோலில் பத்தே கேள்விகள். கடந்த ஏழு நாளைப் பற்றி மட்டும் கேட்கும். சிரிக்க முடிகிறதா, வேலைகள் தலைக்குமேல் ஏறி அழுத்துகின்றனவா, தவறு நடந்தால் தேவையில்லாமல் தன்னையே குறை சொல்லிக்கொள்கிறாரா என்ற போக்கில் போகும். ஒவ்வொரு பதிலுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண், மொத்தம் 30. பத்தை எட்டினாலே கவனம் தேவை. 13ஐ எட்டினால் மனச்சோர்வு இருக்க வாய்ப்பு அதிகம். பத்தாவது கேள்வி தன்னைத் தானே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. மொத்த மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த ஒரு கேள்விக்கு ‘ஆமாம்’ என்ற சாயல் தெரிந்தாலே உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். மதிப்பெண் நோயை முடிவு செய்வதில்லை. யாரை மருத்துவர் பார்க்க வேண்டும் என்று காட்டிக்கொடுக்கிறது. இதன் தமிழ் வடிவம் சரியாக வேலை செய்கிறதா என்று வேலூரில் சோதித்துப் பார்த்து 2005இலேயே வெளியிட்டுவிட்டார்கள்.

கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. பக்கத்தில் மாமியார் நின்றால் பத்துக் கேள்விக்கும் “நல்லாத்தான் இருக்கேன் சிஸ்டர்” என்ற ஒரே பதில்தான் வரும். அனுபவமுள்ள செவிலியர் முதலில், “பாட்டி, குழந்தையைக் கொஞ்சம் வெளியில வேடிக்கை காட்டுங்க, நான் இவங்களுக்கு பிபி பார்த்துடறேன்” என்று சொல்லி அறையைக் காலி செய்வார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “குழந்தை தூங்கும்போது உனக்குத் தூக்கம் வருதாம்மா?” என்று தொடங்குவார். குழந்தை எழுப்பிவிடுவதால் கெடும் தூக்கம் எல்லாத் தாய்க்கும் பொது. குழந்தை அசந்து தூங்கும்போதும் கண்ணை மூட முடியாமல் கிடப்பது வேறு.

என்ன சிகிச்சை?

லேசான நிலையில் மனநல ஆலோசனையும் வீட்டின் ஒத்தாசையும் போதுமானதாக இருக்கும். நடுத்தர, தீவிர நிலையில் மாத்திரை தேவைப்படும். பாலூட்டும் தாய்க்கு ஏற்ற மாத்திரைகள் இருக்கின்றன. மருத்துவர்கள் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கும் செர்ட்ராலின் தாய்ப்பாலில் மிகமிகக் குறைவாகவே கலக்கிறது. மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் வாரத்திலேயே ‘ஒண்ணும் பலனில்லை’ என்று நிறுத்திவிடுவதும், தெளிந்ததும் ‘இனி எதுக்கு?’ என்று தாங்களாகவே விட்டுவிடுவதும்தான் நோய் திரும்புவதற்கு வழி. பல மாதம் தொடர்ந்து, மருத்துவர் சொல்லும் வேகத்தில்தான் குறைக்க வேண்டும்.

மனநல மருத்துவர்கள் எல்லா ஊரிலும் இல்லையே என்பது நியாயமான கேள்வி. அதற்குப் பக்கத்து நாட்டிலிருந்து ஒரு விடை. பாகிஸ்தானின் ராவல்பிண்டி மாவட்டக் கிராமங்களில், வீடு வீடாகப் போகும் பெண் சுகாதாரப் பணியாளர்களுக்கு மனநல ஆலோசனையின் அடிப்படைகளைக் கற்றுக்கொடுத்தார்கள். அவர்கள் யாரும் உளவியல் படித்தவர்கள் அல்ல. மனச்சோர்வுள்ள சுமார் 900 கர்ப்பிணிகள் அந்த ஆய்வில் இருந்தார்கள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது, பயிற்சி பெற்றவர்கள் சந்தித்த தாய்மார்களில் நூற்றுக்கு 23 பேரிடம்தான் நோய் எஞ்சியிருந்தது. வழக்கமான வீட்டுச் சந்திப்பு மட்டும் நடந்த ஊர்களில் அது 53. இந்த முடிவு 2008இல் லான்செட் இதழில் வெளியானது. அந்த முறையை உலக சுகாதார நிறுவனம் பின்னர் கையேடாகவே வெளியிட்டது. கோவாவில் அதே முறையை அக்கம்பக்கத்துப் பெண்களைக் கொண்டே செய்து பார்த்தார்கள்.

ராவல்பிண்டியில் அந்தப் பெண்களுக்கு இருந்தது, தாயின் வீட்டுக்குள் போய் உட்காரும் உரிமை. நம் கிராம சுகாதாரச் செவிலியருக்கு அது எப்போதோ கிடைத்துவிட்டது.

புதன்கிழமைக்கு ஒரு வேலை

தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99க்கு மேல் பிரசவங்கள் மருத்துவமனையில்தான். குழந்தை பிறந்த ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினான்காவது வாரம் தடுப்பூசி. புதன்கிழமை என்றால் ஊசி என்பது ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் எல்லோருக்கும் தெரியும். ‘நாற்பத்தஞ்சு நாள் ஊசி’க்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறவள் யார்? அதே தாய்தான். மனச்சோர்வு கண்டுபிடிக்க ஆய்வாளர்கள் தேடிப்போன அதே ஆறாவது வாரத்தில், அரசாங்கம் கூப்பிடாமலே அவள் வாசலில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். ஊசி போட்டபின் அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போகச் சொல்கிறார்கள். பத்துக் கேள்வி கேட்க அதில் பாதிகூட ஆகாது.

செவிலியர்களின் தலையில் ஏற்கெனவே பதிவேடுகளும் செயலிகளும் மலைபோலக் கிடக்கின்றன என்பது உண்மை. இன்னொரு படிவத்தை நீட்டுவதோடு நின்றால் அதுவும் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பப்படும். பயிற்சியும், தனியாகப் பேச ஒரு மூலையும், கேள்விக்குப் பின் அனுப்பிவைக்க ஒரு மருத்துவரும் சேர்ந்து வந்தால்தான் கேட்பதற்குப் பொருள். மாவட்ட மனநலத் திட்டம் நடப்பில் இருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. தடுப்பூசி அறையிலிருந்து அந்தப் பிரிவுக்கு ஒரு பாதை போட வேண்டும்.

வீடு இன்றைக்கே செய்யக்கூடியது

கணவர்களுக்கு: இரவில் தொடர்ந்து நான்கைந்து மணி நேரம் அவர் தூங்கும்படி குழந்தையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். “எல்லாம் சரியாயிடும்” என்பதற்குப் பதில் “டாக்டரைப் பார்க்கலாம், நானும் வர்றேன்” என்று சொல்லுங்கள்.

அம்மாக்களுக்கும் மாமியார்களுக்கும்: பால் போதவில்லை என்று அவள் காதுபடப் பேச வேண்டாம். பெண் பிறந்ததற்கு யாராவது உச்சுக்கொட்டினால் முதலில் அவர்களை நிறுத்துங்கள். “அழு, பரவாயில்லை, நான் இருக்கேன்” என்று நீங்கள் ஒரு முறை சொல்வது, வெளியார் நூறு முறை சொல்வதைவிடப் பெரிது.

தாய்க்கு: இந்த நோய் உங்கள் பாசத்தின் அளவு அல்ல. உங்களால் வந்ததும் அல்ல. யாரிடமும் சொல்ல முடியவில்லை என்றால் 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். 2022 அக்டோபர் முதல் இயங்கும் டெலிமானஸ் சேவை அது. கட்டணமில்லை, இரவும் பகலும் உண்டு, தமிழிலேயே பேசலாம். 104 மருத்துவ உதவி எண்ணும் இருக்கிறது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமோ, காதில் குரல்களோ, நாள்கணக்கில் தூக்கமின்மையோ இருந்தால் போனோடு நிற்காமல் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தனியாகப் போக வேண்டாம்.

குழந்தைக்கு எந்தத் தேதியில் எந்த ஊசி போட்டோம் என்பது அட்டையில் ஏறுகிறது. ஒரு வாரம் தவறினாலும் செவிலியர் வீடு தேடி வந்துவிடுகிறார். போலியோவை இந்த மண்ணிலிருந்து விரட்டியது அந்தப் பிடிவாதம்தான். தாயிடம் பேசிய தேதிக்கும் அதே அட்டையில் ஒரு கட்டம் கேட்கிறோம். அதிகம் கேட்கவில்லை.